சமுதாயக் கல்லூரியில் வேளாண்மை: டெல்டா பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் வயல் பயிற்சி எடுக்கிறேன். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து ஆனி பிறக்கும்வரை சேர்க்கை மேசையில் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் வாயால் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். கல்லூரி அலுவலகம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது.

கம்யூனிட்டி காலேஜ் என்கிறார்களே, அது நிஜமாகவே காலேஜ்தானா?

பெயரில் காலேஜ் இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் படித்து பி.ஏ., பி.எஸ்சி. வாங்கும் இடம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் என்ன தொழில் நடக்கிறதோ அதைக் கற்றுக்கொடுத்து, ஆறு மாதச் சான்றிதழ், ஓராண்டுப் பட்டயம், சில இடங்களில் இரண்டாண்டு மேல்நிலைப் பட்டயம் என்று தருவார்கள். அமெரிக்காவில் இருந்த மாதிரியைப் பார்த்து இங்கே கொண்டுவந்தது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் 1995-இல் தொடங்கினார்கள். 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு திட்டமாக எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கலைக் கல்லூரிகளுக்குள்ளேயே இந்தப் படிப்புகளை நடத்த அனுமதித்தது. அதனால்தான் பல இடங்களில் தனிக் கட்டடமே இருக்காது. வரலாற்றுத் துறைக்குப் பக்கத்து அறையில் நம் மண்வெட்டி சாத்தியிருக்கும்.

யார் சேரலாம்? வயது வரம்பு உண்டா?

பெரும்பாலான இடங்களில் பத்தாவது அல்லது பிளஸ் டூ. நடுவில் படிப்பை விட்டவர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் இந்தக் கல்லூரிகளின் நோக்கமே. போன வருடம் என் வகுப்பில் பதினெட்டு வயதுப் பையனும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த நாற்பது வயதுக்காரரும் ஒரே வரப்பில் உட்கார்ந்து களை பிரித்தார்கள். கணக்கில் பையன் முந்தினான், களையில் பெரியவர் முந்தினார்.

இதைப் படித்தால் அரசு வேலை கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நேரடியாகக் கிடைக்காது.

ஊருக்கு வருகிற உதவி வேளாண்மை அலுவலரைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். அந்தப் பணிக்கு பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு வேளாண் பட்டயம் வேண்டும். அதுவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற, அரசு ஏற்ற நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும். தேர்வாணையம் அறிவிப்பு விடும்போது கல்வித் தகுதி என்ற பத்தியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, சேந்துக்க" என்று யாராவது சொன்னால், அந்த ஆள் கட்டண ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

அரசு வேலைதான் குறி என்றால் நேராக இரண்டாண்டுப் பட்டயத்துக்கோ பட்டப்படிப்புக்கோ விண்ணப்பியுங்கள். திருச்சி மாவட்டம் குமுளூரில் பட்டயப் படிப்பு இருக்கிறது. பட்டப்படிப்புக்குத் திருச்சி நாவலூர் குட்டப்பட்டு, தஞ்சாவூர் பக்கம் ஈச்சங்கோட்டை, நாகப்பட்டினம் பக்கம் கீழ்வேளூர் ஆகிய இடங்களில் வேளாண் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இருக்கிறது. கட்-ஆஃப் கிடைத்தால் அங்கே போங்கள், எனக்கு வருத்தமே இல்லை. நானும் அரசுப் பட்டயம் படித்து, பதினைந்து வருடம் சொந்த வயலில் கிடந்து, அதற்கப்புறம் கற்றுக்கொடுக்க வந்தவன்தான்.

அப்புறம் இங்கே எதற்குச் சேர வேண்டும்?

ஒரு வயலோடு முழுசாக ஒரு வருடம் இருந்து, பயிரைப் பார்க்கக் கற்றுக்கொள்ள. எங்களிடம் தருவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. "அதுக்கு ஒரு காலேஜா? எங்க வீட்லயே வயல் இருக்கே சார்" என்று அப்பாமார்கள் கேட்பார்கள். வீட்டில் வயல் இருக்கிறது, சரி. அதில் பையன் எத்தனை நாள் இறங்கியிருக்கிறான் என்று நான் திருப்பிக் கேட்பேன். மருந்து அடிக்க ஆள், நடவுக்கு ஆள், அறுப்புக்கு வண்டி. பையன் வரப்பில் நின்று செல்போனில் பணம் அனுப்புகிறான்.

என் சொந்தக் கதை ஒன்று. எனக்கு இருபத்திரண்டு வயது, குறுவை அறுத்த வயலில் அடுத்ததாக நட்ட தாளடி நெல். தூர் கட்டும் நேரத்தில் அங்கங்கே வெங்காயத் தாள் மாதிரி வெள்ளையாகக் குழல் குழலாக நீட்டிக்கொண்டு வந்தது. அப்பா கடைக்குப் போனார், கடைக்காரர் ஒரு டப்பா கொடுத்தார், அடித்தோம். பத்து நாள் கழித்து இன்னொரு டப்பா. பயிர் திரும்பவே இல்லை. அது ஆனைக்கொம்பன். கொசு அளவுக்கு ஒரு ஈ. அதன் புழு குருத்துக்குள் இருந்து தின்பதால் குருத்து இலையாக விரியாமல் குழலாகிவிடுகிறது. குழல் வெளியே தெரிந்துவிட்டால் அந்தத் தூரில் இனிக் கதிர் கிடையாது. குழலின் நுனியில் சின்ன ஓட்டை இருந்தால் பூச்சி பறந்தே போய்விட்டது என்று அர்த்தம். நாங்கள் இரண்டு தடவை மருந்து அடித்தது காலிவீட்டுக்கு. கடைக்காரரை இப்போது குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு குழலைப் பிய்த்துப் பிளந்து பார்க்க எனக்குத் தோன்றியிருந்தால் இரண்டு டப்பா பணம் மிஞ்சியிருக்கும்.

பத்துத் தூருக்கு ஒரு தூர் என்ற அளவுக்கு வெள்ளிக்குழல் வந்தால்தான் நடவடிக்கை, இலைச்சுருட்டுப் புழு என்றால் பயிர் வளரும் பருவத்தில் இலையில் பத்து விழுக்காடு சேதம், அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் என்றால் தூருக்கு ஒன்று, அதைத் தின்னும் சிலந்தியும் இருந்தால் இரண்டு என்று கணக்கு இருக்கிறது. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் குனிந்து, பயிரின் அடித்தண்டை விலக்கி, எண்ணிப் பார்க்கும் பழக்கம் புத்தகத்தில் வராது.

வருடம் முழுக்க என்ன நடக்கும்?

எங்கள் பாடத்திட்டம் தாளில் ஜூனில் தொடங்கும். வயலில் எப்போது தொடங்கும் என்பது மேட்டூர் அணை கையில் இருக்கிறது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது என்பது வழக்கம். ஆனால் 2022-இல் மே 24-லேயே தண்ணீர் வந்தது, 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அந்த வருடப் பிள்ளைகள் குறுவையை, அதாவது குறுகிய கால முதல் போக நெல்லை, போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் இருக்கும் கொல்லையில் மட்டும்தான் பார்த்தார்கள்.

முதல் வேலை விதை. பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து, அதில் ஒரு முட்டையைப் போட வேண்டும். முட்டை மிதந்து, மேல்பக்கம் பழைய நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் சரி. பிறகு விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும், கனத்தது அடியில் தங்கும். தங்கியதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாவிட்டால் முளைப்புக் கெட்டுவிடும். ஒரு வருடம் நான் கொண்டுவந்த முட்டை உப்புப் போடும் முன்பே மிதந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும் என்ற பாடம் அன்றைக்குப் பாடத்திட்டத்தில் இல்லாமலே நடந்தது.

அதற்குப் பிறகு நாற்றங்கால், நடவு, களை, மேலுரம். செம்மை நெல் சாகுபடியில் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25-க்கு 25 சென்டிமீட்டர். பக்கத்துப் பாத்தியில் ஊர் வழக்கப்படி ஆள் வைத்து நடுவோம். இரண்டையும் பிள்ளைகள்தான் அளக்க வேண்டும்.

தண்ணீர்ப் பாடம் கொஞ்சம் வில்லங்கமானது. அடிப்பக்கம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சலாம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். நம் தாத்தா சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான் அது. போர் செட்டு இருப்பவருக்கு அருமையான முறை. ஆற்றுப் பாசனக்காரருக்கு என்ன செய்வது? முறைத் தண்ணீர் விடும்போது குழாய் "இன்னும் பொறு" என்கிறது. இன்று விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ. கடைமடைக்காரர் குழாயைப் பார்ப்பாரா, மதகைப் பார்ப்பாரா? வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் இந்த வகுப்பில் எப்போதும் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்து வரும். நெல்லை ரோட்டில் காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேல் காட்டி, மூட்டையோடு காத்துக் கிடப்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்று கூட்டிப் போவேன். 22 விழுக்காடு ஈரத்தில் இருக்கும் 40 கிலோ மூட்டை 17-க்கு வரும்போது 37.6 கிலோ ஆகிவிடும் என்ற கணக்கை அங்கேயே போடச் சொல்வேன்.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு உளுந்து தெளிப்பு. நிற்கிற நெல்லுக்குள் விதைத்துவிட்டு, பிறகு நெல்லை அறுப்பது. மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். அறுவடை வண்டி வந்த பிறகு இதில் கைவைக்க வேண்டியிருக்கிறது. டயர் வண்டி தடம் பதித்த இடத்தில் முளை நசுங்கும், வைக்கோல் குவிந்த இடத்தில் மூச்சு முட்டும். பெல்ட் வண்டி கிடைத்தால் பரவாயில்லை.

கணக்கு வராது. சமாளிக்கலாமா?

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். குழப்புவது கணக்கு இல்லை, அளவுதான். புத்தகம் எக்டேரில் பேசும், உரக்கடை ஏக்கரில் பேசும், அப்பா மாவில் பேசுவார், கோயில் நிலக் குத்தகைச் சீட்டு வேலியில் பேசும். 100 குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. எக்டேருக்கு ஏறத்தாழ 7.4 மா.

டெல்டாவில் குறுகிய கால ரகத்துக்குப் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. மாவுக்குத் தழைச்சத்து 20 கிலோ சொச்சம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. வகுத்துப் பாருங்கள், 44 கிலோ வரும். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. ஆக மாவுக்கு ஒரு மூட்டை, அதையும் நாலு தடவையாகப் பிரித்து. ஆனால் மணிச்சத்துக்கு மாவுக்குப் பதினைந்து கிலோ டி.ஏ.பி. உரம் போடுகிறீர்கள் என்றால், அதிலேயே 18 விழுக்காடு தழைச்சத்து இருக்கிறது. யூரியாவில் ஆறு கிலோ போலக் குறைக்க வேண்டும். ஊரில் அந்த ஆறு கிலோவை யாரும் குறைப்பதில்லை. பயிர் கரும்பச்சையாக மினுங்கும், பார்க்க அழகாக இருக்கும், இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் அழகாகவே இருக்கும்.

இந்த ஒரு கணக்கை ஒரு மாணவி வீட்டில் போட்டுக் காட்டினாள். அவள் அப்பா நம்பவில்லை. ஒரே ஒரு மாவில் மட்டும் மகள் சொன்னபடி போட்டார். அடுத்த வருடம் என்ன செய்தார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகள் சேரலாமா?

வகுப்பில் சரிபாதி அவர்கள்தான். நடவும் களையும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்த ஊரில் இந்தக் கேள்வியே கொஞ்சம் வேடிக்கை. வயல் வகுப்புக்கு அருகில் கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.

நிலமே இல்லை. படித்து என்ன செய்வது?

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். பாய் நாற்றங்கால் ஒரு நல்ல வழி. நடவு மிஷினுக்குத் தட்டில் நாற்று விட்டு, பதினைந்து பதினெட்டு நாளில் கொடுப்பது. குத்தகைக்குக் கொஞ்சம் மேட்டு இடமும் தண்ணீரும் இருந்தால் போதும். மிஷின் வைத்திருப்பவரோடு முன்கூட்டியே பேசிவைக்காமல் விட்டால் நாற்று முற்றிக் கையில் நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரோன் ஓட்ட 18 வயது, பத்தாம் வகுப்பு, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஏற்ற பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் வேண்டும். எங்கள் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. ஆனால் எந்த மருந்தை எப்போது பறக்கவிட வேண்டும் என்று தெரிந்த ஓட்டுநருக்கு ஊரில் மதிப்பு வேறு.

உரம், பூச்சிமருந்துக் கடை வைக்க இந்தப் பட்டயம் செல்லுமா?

பூச்சிமருந்து உரிமத்துக்கு வேளாண்மை, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பட்டம் கேட்பார்கள். இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் அல்லது அரசு நிறுவனம் தந்த ஓராண்டு வேளாண் பட்டயம். ஆறு மாதச் சான்றிதழ் போதாது. ஓராண்டுப் பட்டயம் என்றால், சான்றிதழில் யார் முத்திரை என்று பாருங்கள். கல்லூரி முத்திரையா, பல்கலைக்கழக முத்திரையா? சேருவதற்கு முன்பே பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழ் நகலை வாங்கி, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

ஏற்கெனவே கடை வைத்திருக்கும் குடும்பம் என்றால் தேசி என்ற வேறு படிப்பு இருக்கிறது. வாரம் ஒரு நாள், 48 வாரம். விவசாயிகளுக்குப் பயிர் ஆலோசனை தரும் வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் தொடங்க மத்திய அரசின் 45 நாள் பயிற்சியும் உண்டு. அதை முடித்தவர்கள் வங்கிக் கடனில் 36 விழுக்காடும், பெண்களும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 44 விழுக்காடும் மானியம் பெறலாம். அங்கேயும் பட்டயத்தை யார் வழங்கியது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இயற்கை விவசாயம் சொல்லித்தருவீர்களா, இல்லை யூரியாதானா?

இரண்டும். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார் பிறந்த இளங்காடு இதே தஞ்சாவூர் மாவட்டம்தான். அவர் அண்ணாமலையில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, பிறகு அதை உதறிவிட்டு வந்தவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கினார். மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் காட்டுயானமும் மறுபடி பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தப் பக்கம் 1922 முதல் இயங்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம். அங்கே உருவான ஏ.டி.டி. 36, 43, 45 ரகங்களைப் போடாத குறுவைக்காரர் கிடையாது. பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் அழைத்துப் போகிறோம்.

என் கருத்தைக் கேட்டால், பள்ளக்காலில் மழைத்தண்ணீர் பத்து நாள் நிற்கும் வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம் போடுவேன், அது இரண்டு வாரம்வரை முழுகித் தாங்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மா தூயமல்லி என்ற பாரம்பரிய நெல் போடுவேன். இதில் கட்சி கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

சேருவதற்கு முன் கல்லூரியில் என்ன கேட்க வேண்டும்?

வயல் எங்கே என்று கேளுங்கள். "டை-அப் இருக்கு" என்று சொன்னால் அந்த வயலைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு போர் தண்ணீர் உண்டா, ஆறு வராத வருடம் பயிற்சி எப்படி என்று கேளுங்கள். மாணவர் ஒருவருக்கு எத்தனை குழி என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு குழியாவது நட்டதிலிருந்து அறுத்ததுவரை சொந்தப் பொறுப்பில் இல்லையென்றால் அது வகுப்பறைப் படிப்புதான். சிக்கல், நீடாமங்கலம் போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு வருடத்தில் எத்தனை தடவை கூட்டிப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். அந்த நிலையங்களுக்கு நீங்களாகவே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கும். கல்லூரியே சேராமல் அங்கே போய்க் கற்றுத் தேறியவர்களை எனக்குத் தெரியும்.

கட்டணம், விடுதி?

கல்லூரிக்குக் கல்லூரி வேறு. தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் இரண்டும் சேர்த்தா, தனியா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி பெரும்பாலும் கிடையாது. காலை ஏழு மணிக்கு வயலில் இருக்க வேண்டும் என்பதால் முதல் பஸ் உங்கள் ஊரிலிருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யூனிஃபார்ம் உண்டா? என்ன கொண்டுவர வேண்டும்?

முழங்காலுக்கு மேல் மடிக்க வருகிற கால்சட்டை அல்லது கைலி, தலைக்குத் துண்டு, கோடு போட்ட ஒரு நோட்டு, பேனா வேண்டாம் பென்சில், ஏனென்றால் கை ஈரமாக இருக்கும். ஒரு அடி ஸ்கேல். சம்பா நடவு நேரத்தில் மாற்றுத் துணி ஒரு செட். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு இறங்க வேண்டும், புதுச் செருப்பு போட்டு வராதீர்கள், நாய் தூக்கிக்கொண்டு போகும்.